மேல் மூன்று தகடுகள்

அந்தப் பிள்ளையை நான் பாண்டிலிருந்து வெளியேற்றியபோது முழுப் பாண்டும் மைதானத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. முப்பத்திரண்டு பெண்பிள்ளைகள். அவர்களுக்கு முன்னால்தான் அவளுடைய தோள்வாரைக் கழற்றச் சொன்னேன். கழற்றினாள். வாத்தியத்தை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் நீட்டினாள். அழவில்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். அதைத் திமிர்ப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அது திமிர் இல்லை என்று எனக்குத் தெரியவர ஐந்து நாள் சென்றது.

கல்லடிப் பக்கத்தில் பெண்கள் பாடசாலை ஒன்றில் மேலைத்தேய சங்கீதம் படிப்பிக்கிறேன். பதினாறு வருடம் பாண்டும் என் பொறுப்பில் இருந்தது. அதற்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், நானும் பாண்டில் பெல் லயர் அடித்தவள். அந்த வாத்தியத்தைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள், பெயர் தெரிந்தவர்கள் குறைவு. யாழ் வடிவில் வளைந்த ஒரு உலோகச் சட்டம். அதில் ஏணிப்படி போல, கீழிருந்து மேலாகத் தகடுகள் பூட்டியிருக்கும். கீழே நீளத் தகடுகள், தாழ்ந்த சுரம். மேலே போகப் போகத் தகடு குட்டையாகும், சுரம் ஏறும். சட்டத்தின் அடியைத் தோளிலிருந்து இடுப்புக்குத் தொங்கும் வாரில் ஊன்றி, இடக்கையால் நிமிர்த்திப் பிடித்து, வலக்கைக் கோலால் அடித்துக்கொண்டே நடக்க வேண்டும். தகடுகள் முகத்துக்கு நேரே, காதுக்குப் பக்கத்தில் நிற்கும்.

எங்கள் மைதானத்துக்கும் கடலுக்கும் இடையில் ஒரு ரோட்டுத்தான் உண்டு. மத்தியானம் திரும்பினால் காற்று எழும்பிவிடும். பன்னிரண்டு மெலோடிகா சேர்ந்து ஊதினாலும் காற்று அதை அள்ளிக்கொண்டு வாவிப் பக்கம் போய்விடும். மேளங்கள் காலடியைச் சொல்லும், மெட்டைச் சொல்லாது. அந்த நேரத்தில் மைதானத்தின் அடுத்த கரைவரை போய்ச் சேர்வது பெல் லயர் ஒன்றுதான். மேடையில் இருந்து வாசிக்கும்போது மரக்கட்டைகள் உள்ள சைலபோனையும் சேர்த்துக்கொள்வோம். பாண்டில் அடித்து வாசிக்கிற வாத்தியங்களுக்குள் மெட்டும் சொல்லத் தெரிந்தவை இவை இரண்டும்தான். இவற்றின் சுருதியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. தகடு வார்த்தபோது என்ன சுரமோ அதுதான். மற்றவர்கள்தான் இதற்கு இசைந்து போக வேண்டும். இப்படித்தான் நான் எல்லா வருடமும் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

அந்த வருடம் மாகாண மட்டப் போட்டிக்குப் போகும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. பாடசாலையின் சரித்திரத்தில் முதல் தடவை. அணிவகுப்பு மெட்டை நானே அமைத்தேன். கடைசியில் ஒரு இடம் வைத்திருந்தேன்: எல்லா மேளமும் ஒரேயடியாக நிற்கும், மெலோடிகாப் பிள்ளைகள் வாயை எடுப்பார்கள், ஒரே ஒரு பெல் லயர் மட்டும் கீழ் டோவிலிருந்து மேல் டோ வரை எட்டுச் சுரம் தனியாக ஏறும். எட்டாவது சுரம் ஓய்ந்ததும் நான் கையை இறக்குவேன், முழுப் பாண்டும் ஒன்றாக வாசிப்பில் விழும். அந்த எட்டுச் சுரத்துக்கு நான் தெரிவு செய்தது அவளைத்தான்.

அவள் பெரியகல்லாற்றிலிருந்து வருகிற பிள்ளை. பத்தாம் வகுப்பு. தகப்பன் வாவியில் மீன்பிடித் தொழில் செய்கிறவர். விடிய முதல் பஸ் பிடித்து வருவாள், பயிற்சி முடிந்து பொழுது சாயத் திரும்பிப் போவாள். அதிகம் பேசாத பிள்ளை. கை மணிக்கட்டு அவ்வளவு லாவகமாகத் துள்ளும்.

முதல் வாரம் எல்லாம் நன்றாகப் போனது. இரண்டாம் வாரம் அந்த எட்டுச் சுரத்தைத் தனியாக எடுத்துப் பழக்கத் தொடங்கினேன். டோ, ரே, மி, பா, சோ வரை மணி மணியாகக் கேட்டது. அதற்கு மேலே லா, டி, டோ என்ற மூன்றும் செத்துப்போய் வந்தன. மணியோசை இல்லை. கட்டையில் தட்டுவது போல டொக், டொக், டொக் என்றது.

இது எனக்குப் பழக்கமான பிழை. அடித்த கோலை உடனே தூக்காமல் தகட்டில் அழுத்திப் பிடித்தால் ஓசை அமுங்கி இப்படித்தான் வரும். பழகாத பிள்ளைகள் மேல் தகடுகளுக்குப் போகும்போது கை எட்டாமல் அழுத்திவிடுவார்கள்.

"மேல் தகட்டில அழுத்தாத புள்ள. துள்ள விடு."

"ஓம் டீச்சர்."

திரும்பவும் டொக், டொக், டொக்.

"அழுத்துற. கோலைத் தூக்கு."

"தூக்குறன் டீச்சர்."

அவள் இன்னும் உயரத் தூக்கி அடித்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், அவளுடைய பிழையைப் பார்த்து இல்லை என்று எனக்கு அப்போது ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் சோதித்துப் பார்க்க இன்னொரு பிள்ளையிடம் அதே எட்டுச் சுரத்தைக் கொடுத்தேன். அவள் எனக்கு மிகக் கிட்டே, வலப்பக்கமாக நின்றாள். கை கனத்த பிள்ளை, ஓங்கி அடிக்கிறவள். அவள் அடித்தபோது லா ஓரளவு கேட்டது. டியும் மெல்லியதாக வந்தது போல இருந்தது. எனக்கு அது போதும்.

"பார், அவள் அடிக்கிறாள்தானே. உனக்கு மட்டும் ஏலாதா?"

பெரியகல்லாற்றுப் பிள்ளை கோலை உயர்த்தினாள். திரும்ப அடித்தாள். அவள் நின்றது எனக்கு இடப்பக்கம், வரிசையின் ஓரத்தில். டொக், டொக், டொக். என் பொறுமை முடிந்தது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று முடிவு செய்தேன். வாரைக் கழற்று என்றேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன். அப்போதுதான் அவள் அதைக் கேட்டாள்.

"டீச்சர், நான் அடிக்கிறது உங்களுக்குக் கேக்கல்லையா?"

உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டாள். நான் சொன்னேன், "எனக்குக் கேக்கிற மாதிரி அடிச்சிருந்தாக் கேட்டிருக்கும்." சில பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் வெள்ளைக் கையுறைகளையும் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து என்னிடம் தந்துவிட்டுப் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்குப் போனாள்.

அடுத்த நாள் அவளுடைய தாய் வந்தார். விடிய வெள்ளாப்பிலேயே கருவாட்டு வேலையை முடித்துவிட்டுக் குளித்து, நல்ல சேலை உடுத்து வந்திருந்தார். ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வாங்க என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"டீச்சர், அவள் பிழை விட்டிருந்தா ஏசுங்க, அடிக்கவும் செய்யுங்க. ஆனா பாண்டை விட்டு எடுக்காதீங்க. வீட்டில வாத்தியம் இல்லதானே, அட்டையில கோடு கீறி வைச்சி அதில அடிச்சி அடிச்சிப் பழகுறாள். சத்தமே வராது. ஆனா கண்ணை மூடிட்டு அடிக்கிறாள் டீச்சர். தகப்பன் கூடச் சிரிக்கிறவர், என்னடி சத்தமில்லாத பாட்டு எண்டு."

நான் அவருக்கு விளக்கம் சொன்னேன். கோல், மணிக்கட்டு, துள்ளல் என்று. போட்டிக்குப் பத்து நாள்தான் இருக்கு, முழுப் பாண்டையும் நான் பார்க்க வேண்டும் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் நான் படித்தவள், டீச்சர், ஆகவே நான் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த சனிக்கிழமை வாத்திய அறைக்குத் தனியாகப் போனேன். போட்டிக்கு முன்னால் தகடுகளின் திருகாணிகளை இறுக்கி, தகட்டின் கீழே உள்ள ரப்பர்களை மாற்றி, துடைத்து வைக்க வேண்டும். அவள் தந்துவிட்டுப் போன பெல் லயரைத்தான் முதலில் எடுத்தேன். கீழேயிருந்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துக்கொண்டே மேலே போனேன். சோ வரை வந்தது. லாவை அடித்தேன். டொக்.

திருகாணி தளர்ந்திருக்கிறது என்று இறுக்கினேன். டொக். கூட இறுக்கிவிட்டேனோ என்று தளர்த்தினேன். டொக். தகட்டையே கழற்றி, புது ரப்பர் வைத்துப் பூட்டினேன். கோலை மாற்றினேன். பித்தளைக் குமிழ் உள்ள கோல் ஒன்று இருந்தது, அதை எடுத்து அடித்தேன். கோல் தகட்டில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாவம் அந்தப் பிள்ளை, தகடுதான் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன். மனம் கொஞ்சம் இலேசாகக்கூட ஆனது. அடுத்த பெல் லயரை எடுத்தேன். அதிலும் அதே மூன்று தகடுகள். மூன்றாவதை எடுத்தேன். அதிலும் அப்படித்தான்.

கைத்தொலைபேசியில் சுருதி பார்க்கிற செயலி ஒன்று வைத்திருக்கிறேன். அதைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு உச்ச டோவை அடித்தேன். திரையில் முள் எழும்பி, நடுவில் பச்சைக் கோட்டில் நின்றது. அசையாமல் நின்றது. நாலு வினாடி, ஐந்து வினாடி, பிறகு மெல்ல விழுந்தது. அறையில் எனக்கு ஒரு சத்தமும் இல்லை. முற்றத்துப் பக்கம் காகம் கத்துவது கேட்டது. ரோட்டில் முச்சக்கரவண்டி போவது கேட்டது. இது மட்டும் இல்லை.

திரும்ப அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். எவ்வளவு நேரம் அடித்தேன் என்று தெரியாது. விறாந்தை கூட்டுகிற அம்மா ஈர்க்குமாறோடு கதவடியில் வந்து நின்றார்.

"டீச்சர், குறை நினைக்காதீங்க. எல்லுப்போல மெல்ல அடிங்க. அங்க கிணத்தடி மட்டுக்கும் காது கூசுது."

நான் அவரைப் பார்த்தேன். "இதுவா? இந்தத் தகடா?" என்று கேட்டு, அடித்துக் காட்டினேன். அவர் ஈர்க்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு காதையும் பொத்தினார்.

அவர் போன பிறகு கதவைச் சாத்தினேன். தகட்டை அடித்து, அதன்மேல் விரல் நுனியை வைத்தேன். அதிர்ந்துகொண்டிருந்தது. எறும்பு ஊர்வது போல விரலுக்குள் ஏறியது. அந்தப் பிள்ளை அடித்த அத்தனை அடியும் இப்படித்தான் அதிர்ந்திருக்கும். எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். முப்பத்தொரு பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். நான் ஒருத்தி மட்டும் கேட்காமல் நின்று, அவளுக்குக் கை எட்டவில்லை என்று சொல்லியிருக்கிறேன். வாத்திய அறைச் சிமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதேன். அந்த அழுகைச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. என் கணவருக்குக் களுவாஞ்சிக்குடியில் அரச அலுவலகம் ஒன்றில் வேலை. பின்னேரம் வந்ததும் நேரே குசினிக்குள் போய்க் குக்கரை அணைப்பார். "ஏழு விசில் அடிச்சிட்டு, நீங்க இஞ்சதானே நிக்கிறீங்க" என்பார். நான் யோசனையில் நின்றுவிட்டேன் என்பேன். எத்தனை மாதமாக அப்படிச் சொல்லியிருக்கிறேன். நுளம்பு காதடியில் வந்தால் தெரிவதில்லை, கடித்த பிறகுதான் தெரிகிறது. தொலைபேசியை எப்போதும் வலக்காதில்தான் வைக்கிறேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, கணவரிடமும் சொல்லாமல், நகரத்தில் காது சோதிக்கிற இடத்துக்குப் போனேன். கண்ணாடி போட்ட சிறு அறைக்குள் இருத்தி, காதை மூடிக் கருவி மாட்டி, கையில் ஒரு பொத்தானைத் தந்தார்கள். சத்தம் கேட்டால் அமத்த வேண்டும். தாழ்ந்த சத்தங்கள் வந்தன, அமத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. வரவில்லையா, வந்து எனக்குக் கேட்கவில்லையா? ஒவ்வொரு சத்தத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் விடுகிறார்கள் என்று அதற்குள் கணக்குப் பிடித்திருந்தேன். பதினாறு வருடம் பிள்ளைகளுக்குத் தாளம் எண்ணினவள் நான். அந்த இடைவெளியை எண்ணி எண்ணி அமத்தினேன்.

சோதித்த இளம்பெண் கருவியைக் கழற்றிவிட்டு என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் சத்தம் அனுப்பாத நேரத்திலயும் அமத்துறீங்க டீச்சர்."

நான் தலையைக் குனிந்தேன்.

"திரும்ப ஒருக்காச் செய்வம். கேட்டா மட்டும் அமத்துங்க. இது சோதினை இல்ல."

இரண்டாவது தடவை, நீண்ட நேரம் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, அமத்தாமல் இருந்தேன்.

காது வைத்தியர் கோடு கீறிய தாளைக் காட்டினார். இரண்டு கோடும் ஒரு இடம்வரை நேராக வந்து, பிறகு கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கின. இடக்காது ஆழமாக, வலக்காது கொஞ்சம் பின்னால்.

"என்ன வேலை செய்யிறீங்க?"

சொன்னேன்.

"எவ்வளவு காலமா இந்தச் சத்தத்துக்கு நடுவில நிக்கிறீங்க?"

பதின்மூன்று வயதில் பெல் லயர் எடுத்ததிலிருந்து என்றேன். அவர் பேனையை வைத்தார். அந்த வாத்தியத்தை எந்தப் பக்கம் பிடிப்பீர்கள் என்று கேட்டார். நான் கையை உயர்த்திப் பிடித்துக் காட்டினேன். இடக்காதுக்கு ஒரு சாண் தூரத்தில் என் கை நின்றது.

"இது மட்டும்தான் காரணம் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா இதுவும் காரணம். போன நரம்பு திரும்பி வராது. கருவி போட்டா ஆக்கள் பேசுறது கேக்கும்."

"மணிச்சத்தம்?"

"அது முன்ன மாதிரி வரும் எண்டு நினைச்சிட்டு இருக்காதீங்க. இனிமே அந்தச் சத்தத்துக்குக் கிட்ட நிக்கவும் வேணாம்."

அங்கிருந்து வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. பெரியகல்லாற்றுக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. வலை காயப்போட்டிருந்த முற்றத்தில் தாய் என்னைக் கண்டதும் பதறிக் கதிரை எடுத்து வந்தார். பிள்ளை அப்போதுதான் பள்ளியால் வந்து உடுப்பு மாற்றியிருந்தாள். தாயைக் கொஞ்சம் தேத்தண்ணி போடச் சொல்லிவிட்டு அவளோடு தனியாகப் பேசினேன்.

"நீ சரியாத்தான் அடிச்ச."

அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஏன் டீச்சர்?"

"எனக்குக் கேக்கல்ல. எனக்குக் காது ஏலாமப் போயிட்டு. மேல் மூண்டு தகடும் கேக்காது. இண்டைக்குத்தான் டொக்டர் சொன்னவர்."

இதைச் சொல்வதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனேன். சொன்னதும் எனக்கு ஏதோ ஆறுதல் வரும் என்று நினைத்திருந்தேன் போலும். வரவில்லை. அவள் முகத்தில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. கேட்டாள்.

"அப்ப மறுகா நான் அடிக்கிறது சரியா பிழையா எண்டு ஆர் சொல்றது?"

அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனேன்.

"திரும்பி வா புள்ள. நாலு நாள்தான் இரிக்கு."

"எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க டீச்சர். எல்லாருக்கும் முன்னாலதானே என்னை ஏலாது எண்டு சொன்னீங்க."

சொல்கிறேன் என்றேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த நாள் பயிற்சிக்கு முன்னால் முழுப் பாண்டையும் வரிசையில் நிறுத்தினேன். அவளும் வந்து பின்னால் நின்றாள். பேச வாயைத் திறந்தேன். முப்பத்திரண்டு முகங்கள். அவர்களுக்குப் பின்னால், அலுவலக விறாந்தையில் பாடசாலை அதிபர் யாரோடோ பேசிக்கொண்டு நின்றார். இப்போது சொன்னால் போட்டிக்கு என்னை அனுப்பமாட்டார்கள். அதற்குப் பிறகு பாண்டே இல்லை. பாண்டு இல்லாமல் நான் அந்தப் பாடசாலையில் என்ன? பிறகு நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

"அவள்ட தகட்டில திருகாணி பிழையா இருந்திருக்கு" என்றேன். "சனிக்கிழமை பார்த்துத் திருத்திட்டன். அவளில பிழை இல்ல. அவள் திரும்ப வாறாள்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும். சொல்லவில்லை. முன்னால் நடந்து வந்து வாத்தியத்தை வாங்கி, வாரை மாட்டிக்கொண்டாள். அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் என் பொய்யையும் சேர்த்து ஏற்றிவிட்டேன். அது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பயிற்சியைத் தொடங்கினேன்.

அந்த எட்டுச் சுரத்தை இனி நான் முழுதாகக் கேட்க முடியாது. ஆகவே அவளுடைய கையைப் பார்த்தேன். கோல் மேலே போகும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணி, எட்டாவதில் கையை இறக்கினேன். மூன்று நாளும் எட்டுச் சுரமும் ஒரே நடையில், சரியாக வந்தது. மூன்று நாளும் நான் அவளைப் பார்க்கும்போது அவளும் கண் விலக்காமல் என்னைப் பார்த்தாள்.

போட்டி நாள் கடும் வெயில். எங்கள் முறை வந்தபோது உச்சிப்பொழுது. மெட்டு முழுவதும் பிள்ளைகள் அருமையாக வாசித்தார்கள். காலடி ஒன்று பிசகவில்லை. மேளம் நின்றது. மெலோடிகா நின்றது. முழு மைதானமும் அமைதியானது. அவள் கோலை எடுத்தாள்.

அவளுடைய தகடுகளில் வெயில் பட்டு என் கண்ணில் அடித்தது. கை தெரியவில்லை. கோல் தெரியவில்லை. ஒரே வெள்ளை வெளிச்சம். டோ கேட்டது, ரே, மி, பா, சோ கேட்டது. அதற்குப் பிறகு எனக்கு மைதானம் செத்துப்போனது. தாளத்தை மனதுக்குள் எண்ணினேன். ஆறு, ஏழு, எட்டு. கையை இறக்கினேன்.

முழுப் பாண்டும் விழுந்தது. பெரிய மேளம், கைத்தாளம் எல்லாம் ஒன்றாக. அந்தக் கணத்தில் வெளிச்சம் விலகி அவளைக் கண்டேன். அவளுடைய கோல் உயர்ந்தபடி நின்றது. இன்னும் அடித்து முடித்திருக்கவில்லை. கடைசி மூன்று சுரத்தையும் அவள் ஆறுதலாக, ஒவ்வொன்றையும் ஒலிக்க விட்டு, விட்டு அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். முதல் வாரத்தில் நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். அவசரப்படாதே, மணி ஓயட்டும், அதுதான் அந்த இடத்தின் அழகு என்று. பெரிய மைதானத்தில், அத்தனை பேருக்கு முன்னால், அந்தப் பிள்ளை அதை ஞாபகம் வைத்துச் செய்திருக்கிறாள். நான் அவளுடைய கடைசி இரண்டு சுரத்தையும் மேளத்தால் மூடிவிட்டேன்.

எங்களுக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை.

திரும்பி வரப் பஸ் ஏறினோம். பிறகு பின்னால் யாரோ சொன்னது என் வலக்காதுக்குக் கேட்டது. "இவள் இழுத்தாள்தானே, அதாலதான்." இன்னொருத்தி, "முந்தியும் இவள்தானே பிழை விட்டவள்." நான் திரும்பிப் பார்த்தேன். அவள் யன்னல் கரையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்போதும் சொல்லவில்லை.

சாரதியிடம் பஸ்ஸை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும் பார்த்துச் சொன்னேன். காது கேட்காது என்று சொன்னேன். எந்தெந்தத் தகடு என்று சொன்னேன். திருகாணி என்று சொன்னது பொய் என்று சொன்னேன். இன்றைக்கு அவள் பிழை விடவில்லை, நான்தான் கையை முந்தி இறக்கினேன், அன்றைக்கும் அவள் பிழை விடவில்லை என்று சொன்னேன். நான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பெரிய மேளம் அடிக்கிற பிள்ளை விம்மத் தொடங்கினாள். பிறகு இன்னும் சிலர். அவள் அழவில்லை. நான் உட்காரும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பாடசாலையில் இறங்கும்போது என்னைக் கடந்து போகையில், "இதைப் போட்டிக்கு முன்னால சொல்லியிருக்கலாம் டீச்சர்" என்றாள். அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் தாளைக் காட்டினேன். அவருக்கு முதலில் கோபம் வந்தது, தன்னிடம் சொல்லவில்லை என்று. பிறகு அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். அதிபரிடமும் சொன்னேன், அவர் கோபப்படவே இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "நீங்க ஓய்வெடுங்க டீச்சர்" என்றார். பாண்டு அறைத் திறப்பை அவர் கேட்காமலே மேசையில் வைத்தேன்.

இப்போது பாண்டை நகரத்திலிருந்து வருகிற ஒரு பயிற்றுநர் பார்க்கிறார். நான் வகுப்பறையில் சங்கீதத்தின் எழுத்துப் பாடம் மட்டும் எடுக்கிறேன். இடக்காதில் கருவி போட்டிருக்கிறேன். பெல் லயர் அடித்தால் அதற்குள் ஏதோ தகரம் உரசுவது போல வருகிறது, சுரமாக வருவதில்லை. அவள் பதினோராம் வகுப்பில் இருக்கிறாள், இன்னும் பாண்டில்தான் நிற்கிறாள். என்னை வழியில் கண்டால் வணக்கம் சொல்வாள். நின்று பேசமாட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். கொடுக்கவில்லை. மன்னித்தேன் என்று சொல்லும் பாரத்தையும் அவள் தலையில் வைக்க மனம் வரவில்லை.

போன மாதம் திரும்பச் சோதித்தார்கள். கோடு இன்னும் கொஞ்சம் முன்னாலேயே இறங்கத் தொடங்கியிருக்கிறது. சோ போய்விட்டது. இதற்குக் கீழே போனால் சுரம் மட்டும் இல்லை, பிள்ளைகளின் பேச்சும் பிடிபடாது என்றார் வைத்தியர். சன்னமான குரல்கள்தான் முதலில் போகுமாம்.

நேற்றுக் காலை ஆறாம் வகுப்பில் வரவு எடுத்தேன். பெயரைக் கூப்பிட்டுவிட்டு ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் பார்க்கப் பழகியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு வரவில்லை என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். வகுப்பு முழுதும் சிரித்தது. நிமிர்ந்து பார்த்தேன். அந்தச் சின்னப் பிள்ளை என் மேசைக்கு முன்னாலேயே வந்து நின்று, கையைத் தூக்கிக்கொண்டு, ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.